பாகம் பிரியாத வீடு: சபரகமுவையில் பகிர்ந்த தாம்பத்தியமும் பொறாமையும்

1640இல் சிறுவயதுப் படைவீரனாக இலங்கைக்கு வந்து, போர்த்துக்கேயர் ஆட்சி முடியும்வரை இங்கேயே இருந்தவர் ஜொவாவோ ரிபெய்ரோ. இன்றைய கேகாலை மாவட்டத்து மெனிக்கடவரையில் போர்த்துக்கேயரின் பெரிய படைமுகாம் இருந்த காலம் அது. நாடு திரும்பியபின் அவர் எழுதி, 1685இல் போர்த்துக்கல் மன்னருக்குக் கொடுத்த நூலில் சிங்களவரின் கலியாண முறை பற்றி ஒரு பகுதி வருகிறது. அண்ணன் தம்பிமார் சேர்ந்து ஒரே பெண்ணோடு குடும்பம் நடத்துவதையும், முதல் இரவு கணவனுக்கு, அடுத்த இரவு அடுத்த சகோதரனுக்கு என்று முறை போவதையும் சொல்லிவிட்டு அவர் ஒரு விதியைக் குறிப்பிடுகிறார். அந்த ஆரம்ப நாட்கள் கழிந்தபின், கணவனுக்குத் தன் சகோதரர்களைவிடக் கூடுதலான உரிமை எதுவும் கிடையாது. மனைவி தனியே இருந்தால் அவன் உள்ளே போகலாம். சகோதரன் ஒருவன் உடன் இருந்தால் இடையூறு செய்யக் கூடாது.

அயல்நாட்டுச் சிப்பாய் எழுதியது. இரவு வாரியான அட்டவணையில் கேட்டவனின் வாய்ச்சுவையும் கலந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அடிப்படைச் செய்தியை ரொபர்ட் நொக்ஸும் உறுதிசெய்கிறார். 1660இல் பிடிபட்டு 1679 வரை கண்டி இராச்சியத்துக்குள் வாழ்ந்த ஆங்கிலேயர் அவர். 1681இல் அச்சான தம் நூலில், இரண்டு சகோதரர்கள் ஒரு மனைவியோடு வீடு நடத்துவது அங்கே முறையானதும் சாதாரணமானதும் என்றும், பிள்ளைகள் இருவரையும் தகப்பன் என்றே ஏற்றுக்கொள்கிறார்கள் என்றும் எழுதுகிறார். சிங்களத்தில் இந்த ஏற்பாட்டை ‘எககெய் கேம’ என்பார்கள். ஒரே வீட்டில் சாப்பிடுவது என்று பொருள். கண்டி மன்னரின் திசாவைகளில் (மாகாணங்களில்) ஒன்றான சபரகமுவையும், இன்று கேகாலை மாவட்டத்தில் அடங்கும் நாலு கோறளை, மூன்று கோறளையும் இந்த வழக்கம் நிலவிய உலகத்தைச் சேர்ந்தவை.

ரிபெய்ரோவின் அந்தக் கதவு விதி எனக்கு முக்கியமாகப் படுகிறது. வாசலில் நின்று கோபப்பட்ட யாரோ ஒருவன் இருந்திராவிட்டால் அப்படி ஒரு விதி தேவைப்பட்டிருக்காது. மலைநாட்டுச் சிங்களவர் பொறாமையே அறியாதவர்கள் என்று சிலாகிக்கிற எழுத்தும் உண்டு, அவர்களை ஒழுக்கமற்றவர்கள் என்று இழிக்கிற எழுத்தும் உண்டு. இரண்டுமே அந்தக் கதவைக் கவனிக்கவில்லை. பொறாமை இருந்தது, அது எங்கே நிற்கவேண்டும் என்று ஊர் சொல்லி வைத்திருந்தது.

கொழும்பிலோ சென்னையிலோ டொரொண்டோவிலோ இன்று ‘ஓப்பன் ரிலேஷன்ஷிப்’ என்று பேச்செடுத்தால் முதலில் வருகிற கேள்வி, “அப்போ பொசசிவ்னஸ் வராதா?” என்பதுதான். இந்தக் கேள்வியைச் சபரகமுவையின் பழைய வீடுகளிடம் கேட்டுப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். அங்கே கிடைக்கிற விடை மனசைப் பற்றியதாக இல்லை. காணியைப் பற்றியதாக இருக்கிறது.

இரத்தினபுரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் நில அமைப்பை நினைத்துக்கொள்வோம். இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஒடுங்கிய வயல், வீட்டைச் சுற்றித் தோட்டம், மேலே காடு வெட்டிச் செய்யும் சேனை. வயல்தான் விலை உயர்ந்தது, அதுதான் மிகக் குறைவு. தகப்பன் சொத்து நாலு பிள்ளைக்குப் பிரிந்து, அவர்களின் பிள்ளைகளுக்கும் பிரிந்தால் வரப்புதான் மிஞ்சும். இதற்கு ஈரவலயக் கிராமங்கள் கண்ட வழிகளில் ஒன்று தட்டுமாறு. வயலை வெட்டிப் பிரிக்காமல், இந்த முறை இவர், அடுத்த முறை அவர் என்று பங்காளிகள் மாறி மாறிச் செய்வது. தன் முறை வராதவன் வயலுக்குள் இறங்கமாட்டான். ஆனால் அவன் பங்கு எங்கும் போய்விடவில்லை, காத்திருக்கிறது. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் பழகியவர்களுக்கு, முறை வைத்துக்கொள்வது என்பது தோல்வியாகத் தெரியாது. தாம்பத்தியத்துக்கும் தட்டுமாறுக்கும் நேரடித் தொடர்பு உண்டென்று நான் வாதிடவில்லை. ஒரே மக்கள், ஒரே தட்டுப்பாடு, ஒரே மாதிரியான தீர்வு என்பது மட்டும் கண்ணில் படுகிறது.

கேம்பிரிட்ஜ் மானிடவியலாளர் எட்மண்ட் லீச் 1955இல் எழுதிய சிறு கட்டுரை இதைத் தெளிவாக்குகிறது. 1954இல் வடமத்திய மாகாணத்துப் புல் எலியாக் கிராமத்தில் ஆய்வு செய்துவிட்டு வந்த கையோடு எழுதியது அது. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு மனைவி கட்டினால், அவர்களின் பிள்ளைகளுக்குத் தனித்தனி நலன்கள் உண்டாகும். குடும்பச் சொத்து ஒன்றாக நிற்பது கடினம். இருவருக்கும் ஒரே மனைவி, ஆகவே ஒரே வாரிசுகள் என்றால், சகோதரர்கள் சண்டை பிடிக்கக் காரணம் குறைகிறது. நாம் வழக்கமாக, ஒரு பெண்ணைப் பகிர்ந்துகொண்டால் ஆண்களுக்குள் பகை மூளும் என்று நினைக்கிறோம். லீச் இதைத் தலைகீழாகத் திருப்பினார். அந்த வீட்டுச் சகோதரர்கள் முதலில் அஞ்சியது பாகப்பிரிவினைக்கு.

கண்டியச் சட்டம் அறிந்த இரண்டு கலியாண வகைகளும் இதே கதையைச் சொல்கின்றன. தீக முறையில் பெண் கணவன் வீட்டுக்குப் போவாள். பின்ன முறையில் கணவன் பெண் வீட்டுக்கு வந்து தங்குவான்; காணி அவளுடையது. பின்ன மாப்பிள்ளை தன் கைத்தடியையும் விளக்கையும் தலைக்குப் பிடிக்கும் தாளிப்பனை ஓலையையும் எப்போதும் கதவருகே வைத்திருக்கவேண்டுமாம். எந்த நேரத்தில், எந்த மழையில் வெளியே போ என்பார்களோ தெரியாதே! சிரிப்புக்காகச் சொன்னதுதான், ஆனாலும் இதற்குள் ஒரு சட்டம் இருக்கிறது. நிலமில்லாத ஆண் அந்த வீட்டில் யாரையும் ‘என்னுடையவள்’ என்று சொல்ல முடியாது.

இராசகாரியத்தையும் காரணமாகச் சொல்வார்கள். மன்னனின் ஊழியத்துக்கு ஒருவன் மாதக்கணக்கில் போய்விட்டால் வீட்டையும் வயலையும் பார்க்க இன்னொரு ஆண் வேண்டும் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரித்தானியர் 1832இல் இராசகாரியத்தை ஒழித்தார்கள். அதன்பின்னும் வழக்கம் தொடர்ந்தது. இலங்கைத் தமிழரான ஸ்டான்லி ஜெயராஜா தம்பையா மாத்தளை மாவட்டத்து லக்கலைப் பகுதியில் கண்டதை 1966இல் வெளியிட்டபோது, இராசகாரியம் போய் நூறாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. சாதாரணக் குடியானவர் வீடுகளில் அது அப்போதும் இருந்தது.

பிள்ளைகளின் நிலையும் இதில் சேரும். தமிழரைப் போலவே சிங்களவருக்கும் தகப்பனின் அண்ணன் பெரிய தகப்பன், தம்பி சின்னத் தகப்பன். பிறக்கும் பிள்ளை எந்தச் சகோதரனுடையது என்ற கேள்வி எழுந்தாலும் உறவுமுறையில் பெரிதாக எதுவும் குலையாது. இதே போல் சகோதரர்கள் ஒரு மனைவியைப் பகிர்ந்த நீலகிரித் தோடர் இதையே சடங்காக்கிக்கொண்டார்கள். 1906இல் மானிடவியலாளர் ரிவர்ஸ் எழுதிய நூலின்படி, மனைவி ஏழாம் மாதத்துக் கர்ப்பத்தில் இருக்கும்போது வில்லும் அம்பும் கொடுக்கும் சடங்கைச் செய்யும் ஆணே பிறக்கும் குழந்தைக்குத் தகப்பன். இன்னொருவன் அந்தச் சடங்கைச் செய்யும்வரை அடுத்தடுத்த குழந்தைகளுக்கும் அவனே. யாருடைய விந்து என்ற விசாரணையே வேண்டாம். ரிவர்ஸ் இன்னொன்றும் கவனித்தார்: தோடர் பார்வையில் குறை சொல்லப்படுபவன், மனைவியைப் பிறனுக்கு விட மனமில்லாமல் முறுமுறுக்கும் கணவன்தான். ரால்ஃப் ஹுப்கா என்ற உளவியலாளர் 1981இல் பல சமூகங்களின் பதிவுகளை ஒப்பிட்டபோது, பொறாமை குறைந்த சமூகத்துக்கு எடுத்த உதாரணம் இதே தோடர்தான். தனிச்சொத்துக்கு அழுத்தம் குறைவாகவும், கலியாணம் செய்தால்தான் ஒருவனுக்குத் துணையும் மதிப்பும் கிடைக்கும் என்ற கட்டாயம் குறைவாகவும் இருக்கும் இடங்களில் பொறாமை தணிந்திருக்கிறது என்பது அவர் முடிவு. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட நம் மலையகச் சனங்களில் பலர் போய்க் குடியேறியதும் அதே நீலகிரியில், கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில்தான். பழைய இரண்டு தாம்பத்திய உலகங்களுக்குப் பக்கத்திலும் மலையகத் தமிழர் வாழ நேர்ந்தது தற்செயல்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, அந்த வீடுகளில் எல்லாரும் சுகமாக இருந்தார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சபரகமுவை வீட்டுக்குள் நடந்ததை அந்த வீட்டார் எழுதி வைக்கவில்லை. எழுதிய ரிபெய்ரோ, நொக்ஸ், பின்னால் வந்த அதிகாரிகள், லீச் அனைவரும் ஆண்கள். பெரும்பாலும் ஆண்களிடம் கேட்டவர்கள். ஆகவே உயிரோடிருக்கும் இன்னொரு வழக்கத்தைப் பார்ப்பது உதவும். வடமேற்கு நேபாளத்து ஹும்லா மாவட்டத்தில் திபெத்திய மொழி பேசும் மக்களிடையே சகோதரர்கள் ஒரு மனைவியோடு வாழ்வதை மானிடவியலாளர்கள் மெல்வின் கோல்ட்ஸ்டீனும் நான்சி லெவினும் நெடுநாள் ஆராய்ந்தார்கள். அங்கே மனைவி எல்லாரையும் சமமாக நடத்தவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அவள் ஒருவன்மேல் கூடுதல் பிரியம் காட்டினால் பிணக்கு வரும். வீட்டு அதிகாரம் மூத்தவனிடம்; புத்திசாலியான தம்பிக்கு அது உறுத்தும். மனைவியைவிடப் பல வயது இளைய கடைசித் தம்பி, வளர்ந்தபின் தனக்கொருத்தியைத் தேடிப் போக நினைப்பான். லெவினும் ஜோன் சில்க்கும் 1997இல் சேர்ந்து எழுதிய கட்டுரையின் விஷயமே இந்தக் கலியாணங்கள் ஏன் முறிகின்றன என்பதுதான். முறித்துக்கொண்டு போகிறவர்கள் யார் என்று பார்த்தால், சகோதரர் வரிசையில் கடைசியில் நிற்பவர்கள், தம் பிள்ளை என்று சொல்ல அந்த வீட்டில் ஒன்றும் இல்லாதவர்கள்.

மற்றவன் அவளோடு இருக்கிறான் என்பதைத் தம்பி பொறுத்துக்கொள்கிறான். தனக்கு அந்த வீட்டில் எதிர்காலம் இல்லை என்பதைத்தான் பொறுப்பதில்லை. பகிர்ந்துகொள்வதால் பொறாமை கிளம்புகிறது என்பதைவிட, தன் பங்கு எது என்று தெரியாத நிலையில் கிளம்புகிறது என்றே சொல்லத் தோன்றுகிறது. பங்கை உறுதியாக்கினால் தணியும். சபரகமுவையில் அந்த உறுதியை வயல் தந்தது. அதற்கான விலையில் பெரும்பகுதியை, எல்லாருக்கும் சமமாகச் சமைத்து, சமமாகச் சிரித்து, யார்மேலும் கூடுதல் ஆசை காட்டாமல் இருந்த அந்தப் பெண் கொடுத்தாள்.

நம்மிடமும் இந்தக் கதை இருக்கிறது. நாம் அதை இப்படிப் படிப்பதில்லை. பாஞ்சாலியை ஐவர் மணந்தபின் நாரதர் வந்து சொல்லும் கதை, சுந்தன் உபசுந்தன் என்ற அசுரச் சகோதரர்களுடையது. ஒரே படுக்கை, ஒரே தட்டு என்று வாழ்ந்தவர்கள் திலோத்தமைக்காக ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டு செத்தார்கள். அதைக் கேட்டுப் பாண்டவர் ஒரு விதி செய்துகொள்கிறார்கள். பாஞ்சாலியோடு ஒருவர் தனித்திருக்கும்போது மற்றவர் பார்த்தால், பார்த்தவர் காட்டுக்குப் போகவேண்டும். பிராமணரின் பசுக்களை மீட்க ஆயுதம் எடுக்கப்போன அருச்சுனன் அதை மீறி வனம் போகிறான். ரிபெய்ரோ கேட்ட அதே கதவு, இங்கே தண்டனையோடு. மலையகத் தோட்டங்களில் ‘அருச்சுனன் தபசு’ விடிய விடிய ஆடப்பட்ட கூத்து. ஐவருக்கு ஒருத்தி என்பதில் பார்வையாளர் எவரும் அதிர்ந்ததில்லை. பொறாமை கொள்ளும் பெண்ணுக்குத் தமிழ் இலக்கணம் ஊடல் என்று ஒரு முழு அரங்கையே கட்டித் தந்திருக்கிறது. பரத்தையிடம் போய் வந்த தலைவனை வாசலில் நிறுத்த அவளுக்கு உரிமை உண்டு, பின்னர் கதவைத் திறக்கும் கடமையும் உண்டு. தலைவனின் பொறாமைக்கு அகத்திணையில் இடமே வைக்கவில்லை. அது வெளியே எங்கோ, அரிவாளோடு நின்றது.

சபரகமுவைக்குத் திரும்புவோம். 1859இல் பிரித்தானிய அரசு அந்த வீடுகளின் வழக்கத்தில் கைவைத்தது. ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் அந்த ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கண்டிய மாகாணங்களில் பல கணவர் முறையைத் தடைசெய்தது. பதியாத கலியாணம் செல்லாது என்றது. கண்டித் தலைவர்களே கேட்டார்கள் என்பதும், இந்த வழக்கத்தால் வாரிசுரிமை வழக்குகளும் கொலைகளும் பெருகுகின்றன என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அந்தக் கொலைகள் எத்தனை மனைவிக்காக, எத்தனை காணிக்காக என்று எவரும் பிரித்துக் காட்டவில்லை. கோப்பித் தோட்டங்கள் மலைகளை விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. 1840இன் 12ஆம் இலக்கச் சட்டத்தால், உறுதிப் பத்திரம் காட்ட முடியாத சேனைக் காணியும் காடும் முடிக்குச் சேர்ந்தன. காணிக்கு ஒரு பெயர், உறுதியில் ஒரு கையெழுத்து, பிள்ளைக்கு ஒரு தகப்பன் என்று எல்லாம் ஒற்றையாக இருப்பது நிர்வாகத்துக்கு வசதி. ஒழுக்கத்தைப் பற்றிய அக்கறையை நான் மறுக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் நில அளவைச் சங்கிலியும் கிடந்தது.

சனங்கள் பதியாமலே வாழ்ந்தார்கள். அதனால் எண்ணற்ற பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் முறைகேடாகப் பிறந்தவர்கள் ஆனார்கள். மணமுறிவை எளிதாக வைத்திருந்த கண்டிய வழக்கத்தைப் புதுச்சட்டம் இறுக்கிவிட்டதும் இன்னொரு காரணம். 1870இன் 3ஆம் இலக்கச் சட்டம் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, இருவரும் சம்மதித்தால் பிரியலாம் என்பதை மீண்டும் சேர்த்தது. 1952இன் 44ஆம் இலக்கக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டத்தில் மணமுறிவுக் காரணங்களின் பட்டியல் ஒன்று உண்டு. முதல் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். மனைவி பிறனோடு உறவு கொண்டால் அதுவே போதும். கணவன் பிறளோடு உறவு கொண்டால் போதாது. அதனோடு முறைதகாப் புணர்ச்சியோ மிகுந்த கொடூரமோ சேர்ந்திருக்கவேண்டும். இது கண்டியரின் பழைய வழக்கத்திலிருந்து வந்ததல்ல. 1857இல் இங்கிலாந்து தனக்கு இயற்றிய மணவழக்குச் சட்டத்தின் வார்ப்பு. இங்கிலாந்து அந்தப் பாகுபாட்டை 1923லேயே கைவிட்டுவிட்டது. இரண்டு கணவர்களோடு ஒரு பெண் சட்டபூர்வமாக வாழ்ந்த மண்ணில், ஆணின் பொறாமைக்கு மட்டும் தனிச் சலுகை தரும் விதி ஆங்கிலேயர் வீட்டுக் குப்பையிலிருந்து எடுத்து வந்து நடப்பட்டது!

அந்த மலைகளில் ஏறிய தோட்டங்களுக்கு வந்த தமிழரின் கதை வேறு. கோப்பிக் காலத்தில் பெரும்பாலும் ஆண்களே பருவத்துக்கு வந்து போனார்கள். தேயிலையும், சபரகமுவையில் இறப்பரும் வந்தபின் கங்காணியின் கீழ் குடும்பம் குடும்பமாகத் தங்கினார்கள். பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை என்று எங்கே போனாலும் வீடு என்பது பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பரா, வரிசைக் குடியிருப்பின் ஓர் அறை. அதுவும் கம்பனிக்குச் சொந்தம். வயல் இல்லை, உறுதி இல்லை, 1948க்குப் பின் நெடுங்காலம் பெரும்பாலானவர்களுக்குக் குடியுரிமையும் இல்லை. கிராமத்துச் சகோதரர்களைச் சேர்த்து வைத்த எதுவும் இங்கே கிடையாது. தம்பிக்குக் காத்திருக்கும் பங்கு என்று ஒன்றும் கிடையாது. ஆண் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள மிஞ்சியது மனைவி மட்டுமே. அவளுடைய சம்பளத்தையும் நெடுங்காலம் கணவனோ தகப்பனோதான் பெற்றுக்கொண்டான்; ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாள்சம்பளம் வந்ததே 1984இல்தான். காலையில் மலைக்குப் போன பெண் பிந்தி வந்தால் எங்கே நின்றாய், யாரோடு பேசினாய் என்ற விசாரணை தொடங்கும். பொறாமை என்ற சொல்லை இதற்கு லயத்தில் யாரும் பயன்படுத்தமாட்டார்கள். ‘சந்தேகம்’ என்பார்கள், ‘சந்தேகப்பட்டு அடிச்சிட்டான்’ என்பார்கள். பக்கத்துக் காம்பராவுக்கு எல்லாம் கேட்கும்.

இதை வைத்து, ஏழைத் தொழிலாளி இயல்பிலேயே சந்தேகப் பிராணி என்று எழுதிவிட்டுப் போவது மிகச் சுலபம். அப்படித்தான் எழுதினார்கள். பீஜித் தீவில் ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களிடையே தற்கொலையும் மனைவியரைக் கொல்வதும் அதிகமானபோது, 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்ற கணக்கில் கப்பலேற்றிய அதிகாரிகள் அதற்கு வைத்த பெயர் ‘பாலியல் பொறாமை’. வரலாற்றாசிரியர் பிரிஜ் லால் 1985இல் இந்தத் தற்கொலைகளை ஆராய்ந்து, அந்தச் சொல் எவ்வளவு வசதியான திரை என்று காட்டினார். வேலைப் பளு, அடி, தனிமை, சொந்தபந்தம் அறுந்து போனது எல்லாம் அதன் பின்னால் மறைந்தன. குற்றம் முழுவதும் பெண்ணின் நடத்தையில் போய் விழுந்தது. ஆளுநர் வார்ட் காலத்துப் பேச்சையும் இதையும் சேர்த்துப் பார்த்தால், ஆட்சியாளர்களுக்குப் பொறாமை எத்தனை பயன்பட்டிருக்கிறது என்பது புரியும்.

ஆணின் பொறாமைக்குத் தந்த அந்த இடத்தின் மிச்சம் இன்னும் சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. 1883இன் இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 294ஆம் பிரிவில், பாரதூரமானதும் திடீரென்றதுமான ஆத்திரமூட்டலால் செய்த ஆட்கொலை, முழுக் கொலைக் குற்றமாகாது என்ற விலக்கு உண்டு. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்த 497ஆம் பிரிவு இன்னும் விசித்திரம். அதன்படி பிறன் மனைவியோடு உறவு கொண்டவன் குற்றவாளி; அவள் கணவன் சம்மதித்திருந்தால் குற்றமே இல்லை. ‘திறந்த’ கலியாணத்துக்கு அது ஒருவகை அனுமதிச் சீட்டு, ஆனால் வழங்கும் அதிகாரம் கணவனுக்கு மட்டும். மனைவி கணவனின் உடைமை என்ற எண்ணத்தில் நிற்பது என்று சொல்லி 2018 செப்டெம்பர் 27இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. இலங்கை 2013இல் வேறொன்று செய்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போகாதபடி, குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. தகப்பன்மாரிடம் அப்படி ஒன்றும் கேட்கவில்லை. தோட்டத்திலிருந்து குவைத்துக்கோ சவூதிக்கோ போன பெண்ணைப் பற்றி லயத்தில் எழும் சந்தேகப் பேச்சுக்கு அரசு முத்திரை குத்தியது மாதிரி ஆயிற்று.

இனி, விரும்பித் திறந்த உறவைத் தேர்ந்தெடுக்கும் இன்றைய மனிதர்களிடம் வருவோம். டெர்ரி கொன்லியும் சக ஆய்வாளர்களும் 2017இல் அமெரிக்காவில் செய்த ஒப்பீட்டில், பரஸ்பரச் சம்மதத்தோடு பல உறவு வைத்திருப்பவர்கள், ஒருவனுக்கு ஒருத்தி என்று வாழ்பவர்களைவிடக் குறைந்த பொறாமையும் கூடிய நம்பிக்கையும் தெரிவித்தார்கள். கவனமாக எடுத்துக்கொள்ளவேண்டிய முடிவு. பொறாமை தாங்காதவர்கள் ஏற்கெனவே விலகியிருப்பார்கள், மிஞ்சியவர்களிடம்தான் கேட்கிறோம். சான் பிரான்சிஸ்கோவில் 1971 முதல் 1991 வரை கூட்டாக வாழ்ந்த கெரிஸ்டா குழுவினர், காதலி இன்னொருவரோடு மகிழ்ந்திருப்பதைக் கண்டு தானும் மகிழும் உணர்வுக்குப் புதுச்சொல் ஒன்றையே ஆக்கினார்கள். அவர்களிடமும் யார் எந்த இரவு யாரோடு என்ற அட்டவணை இருந்தது என்பதை நினைக்கும்போது ரிபெய்ரோவை அவ்வளவு லேசாகத் தள்ள மனம் வரவில்லை.

இவர்களிடம் விதிகளுக்குக் குறைவில்லை. வீட்டுக்கு அழைத்து வரக் கூடாது, முன்கூட்டிச் சொல்லவேண்டும், இன்ன கிழமை நமக்கு மட்டும் என்று பேசி எழுதி வைத்துக்கொள்கிறார்கள். சபரகமுவை வீட்டோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம், பெண்ணும் சேர்ந்து எழுதுவது. அது சாதாரணமானதல்ல. மற்ற வித்தியாசம் அவர்களுக்குச் சாதகமாக இல்லை. பழைய வீட்டில் கோபித்துக்கொண்ட தம்பிக்கு மறுநாளும் வயல் இருந்தது, பசி வேளைக்கு அதே அடுப்பு இருந்தது, தகப்பன் என்று கூப்பிடப் பிள்ளைகள் இருந்தார்கள். அவனைப் பிடித்து வைக்க ஊரும் உறவும் இருந்தன. வாடகை வீட்டில் வாழும் இன்றைய ஜோடிக்குப் பேச்சு ஒன்றே பிடிமானம். இரவு இரண்டு மணிக்குப் பதில் வராத வாட்ஸ்அப் செய்தி ஒன்று, எழுதி வைத்த விதிகளையெல்லாம் ஆட்டிவிடுகிறது. அவர்கள் உள்ளுக்குள் கேட்கும் கேள்வி, எனக்கு என்ன மிச்சம் என்பது. ஹும்லாவின் கடைசித் தம்பி கேட்டதும் அதுதான். ஆகவே இத்தகைய ஜோடிகளிடம் மனப் பயிற்சியைப் பற்றி மட்டும் பேசும் ஆலோசகர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. வீட்டு வாடகை யார் பெயரில், நோய் வந்தால் ஆசுப்பத்திரியில் யார் நிற்பது, பிள்ளை பிறந்தால் அதன் பொறுப்பு யாருக்கு என்பவற்றைத் தீர்த்துவைத்தால் பாதிப் பொறாமைக்கு வேலை இல்லாமல் போகும் என்று தோன்றுகிறது. மீதிப் பாதி இருக்கும். அதற்கு ஊடல் போல ஏதாவது ஒரு முறை வேண்டியிருக்கும். இம்முறை இரு பாலாருக்கும்.

இலங்கையில் இதற்குச் சட்ட இடம் மிகக் குறுகியது. முஸ்லிம் விவாகச் சட்டத்துக்குட்பட்ட ஆண்களைத் தவிர மற்றவர்களுக்கு, மணமுறிவு பெறாத இரண்டாம் கலியாணம் தண்டனைச் சட்டக் கோவையின் 362ஆ பிரிவின்படி குற்றம். ஏழு ஆண்டுவரை சிறை கிடைக்கலாம். பொதுச்சட்டப்படி மணந்தவர்களுக்குப் பிறருடனான உறவு மணமுறிவுக்குக் காரணம், அந்தப் பிறரிடம் நட்டஈடும் கேட்கலாம். ஆனால் வழக்காடி அதற்குத் துணைபோனாரா, தெரிந்தும் இடம் கொடுத்தாரா, பின்னர் மன்னித்தாரா என்றும் நீதிமன்றம் விசாரிக்கவேண்டும் என்கிறது குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை. ஆக, மனம் ஒத்துத் திறந்த உறவில் வாழ்ந்த இரத்தினபுரித் தம்பதி ஒன்று நாளை கசந்துபோய் மாவட்ட நீதிபதிக்கு முன்னால் நின்றால், அவர்கள் ஒருகாலத்தில் கொடுத்துக்கொண்ட சம்மதத்தைச் சட்டம் முதல் முறையாக ஏறெடுத்துப் பார்க்கும், அதுவும் அந்தக் காரணத்தைச் சொல்லிப் பிரிய வழியில்லை என்று சொல்வதற்காக.